மடைக்காரி பாட்டுக்கு இரண்டு முடிவு

கரண்ட் போனால் எங்கள் தெருவில் எல்லோரும் சலித்துக்கொள்வார்கள். நான் மட்டும் இரவல் டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன்.

எண்பதுகள் தொடங்கிய சமயம். சங்கரன்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தேன். நான் குடியிருந்த தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. விடிந்ததிலிருந்து அந்தச் சத்தம்தான். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமென்றாலும் காதருகே போய்க் கத்த வேண்டும். கரண்ட் நின்ற அந்த அரை மணி நேரத்தில்தான் தெருவில் மனிதக் குரலே கேட்கும். அப்படி ஒரு பங்குனி மாதப் பகலில், தறிகள் அத்தனையும் ஒரே நொடியில் அடங்கியபோது, எதிர்வீட்டிலிருந்து ஒரு பாட்டு கேட்டது.

அந்த வீட்டில் தார் சுற்றுகிற ஒரு அக்கா இருந்தாள். தறிக்கு வேண்டிய ஊடைநூலைச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கும் வேலை. நாற்பது வயதிருக்கும். தனியாள். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். தறிச் சத்தத்துக்குள் அவள் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே இருந்திருக்கிறாள். அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கரண்ட் போனதை அவள் கவனிக்கவில்லை. ராட்டையைச் சுற்றிக்கொண்டே தொண்டை திறந்து பாடினாள். நடவுப் பாட்டு. ஊருக்குள், நூலுக்கும் பஞ்சுத் தூசிக்கும் நடுவில் ஒரு நடவுப் பாட்டு! நான் சோற்றுக் கையோடு வாசலில் நின்றேன்.

சரியாக அந்த வாரம்தான் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் நாட்டார் பாடல்களைச் சேர்த்துவைக்க ஒரு ஆவண அறை தொடங்குகிறார்களாம். அந்தந்த ஊரில் பாடுகிறவர்களின் பாட்டைப் பதிவுசெய்து அனுப்ப ஆசிரியர்கள் உதவ வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பாடியவர், இடம், பாடப்படும் வேலை, கதைச் சுருக்கம் என்று கட்டம் போட்ட அட்டைகளும் கூடவே வந்தன. தலைமையாசிரியை அதை அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டு மறந்துபோனார். நான் குண்டூசியைப் பிடுங்கி அட்டைகளை எடுத்துக்கொண்டேன்.

என்னிடம் மெஷின் கிடையாது. சயின்ஸ் டீச்சரிடம் இருந்தது. அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த டூ-இன்-ஒன். அவள் வாசுதேவநல்லூர்க்காரி; குளத்துப் பாசனத்தில் நெல் விளையும் குடும்பம். வயதில் என்னைவிட இரண்டு மூத்தவள். "கேசட்ட நான்தான் போடுவேன், நான்தான் எடுப்பேன். நீ பட்டனத் தொடக்கூடாது, என்ன?" என்ற நிபந்தனையோடு வந்து சேர்ந்தாள்.

தறிவீட்டு அக்கா முதலில் மறுத்தாள்.

"இதப் போயி என்னத்துக்கு டீச்சர்? நாத்து நடுத பாட்டு. நீங்க கோயில்ல பாடுத பாட்டு மாதிரியா?"

நான் எங்கள் சர்ச் பாடகர் குழுவில் பாடுவது தெருவுக்கே தெரியும். "அதும் பாட்டுதான், இதும் பாட்டுதான்க்கா" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "கரண்டு போவட்டும், பாடுதேன்" என்றாள்.

பிறகு எங்கள் இருவருக்கும் கரண்ட் போவதைத் தவிர வேறு வேண்டுதல் இல்லாமல் போனது. மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குப் போனது. சனிக்கிழமை, பள்ளி இல்லை. ஓடினோம். சயின்ஸ் டீச்சர் பேட்டரியில் மெஷினை ஓட்டினாள். அக்கா இருபது நிமிடம் பாடினாள். போட்டுக் கேட்டபோது பழைய பேட்டரிகளில் சக்தி இறங்கிக்கொண்டிருந்தது தெரியவந்தது. பதியும்போது மெதுவாக ஓடிய நாடா, புதுப் பேட்டரி போட்டதும் வேகமெடுத்தது. அக்காவின் கனத்த குரல் கீச்சுக் கீச்சென்று வந்தது.

"யாரு டீச்சர் இது, அணில்பிள்ள கெடந்து கத்துது!" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. "அழிச்சிருங்க. இன்னொருக்கப் பாடுதேன்" என்று அவளாகவே சொன்னாள்.

அடுத்த முறை பாட்டு சுத்தமாக விழுந்தது. கதை இதுதான். ஒரு பெரிய குளம். நடவு நேரத்தில் மடை அடைத்துக்கொள்கிறது. வயலில் தண்ணீர் இல்லை. ஆண்கள் கரையில் நின்று யோசிக்கிறார்கள். அந்த வீட்டு இளைய மருமகளைப் பார்த்து மாமனார், "நீ முங்கி எடு" என்கிறார். அவள் கையில் ஒரு பிடி நாற்றோடு குளத்தில் இறங்குகிறாள். மடைக்குள் புகுந்து கோரையையும் வேரையும் பிடுங்குகிறாள். தண்ணீர் பீறிடுகிறது. அவள்?

*இந்தப் பக்கம் முங்கினவ அந்தப் பக்கம் எந்திரிச்சா,*
*ஈரச்சேல பிழிஞ்சுக்கிட்டு எட்டு வச்சுப் போறாளே.*

அவள் திரும்பி வரவில்லை. அனுப்பிவைத்த வீட்டுக்குப் போகவே இல்லை. வாய்க்காலோடு நடந்து ஊர் எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறாள். பாட்டு அங்கே முடிகிறது. சயின்ஸ் டீச்சர் மெஷினை நிறுத்தவே மறந்துவிட்டாள். அந்த நாடாவில், பாட்டு முடிந்தபின் நாங்கள் இருவரும் மூச்சுவிடுவதும், கரண்ட் வந்து தறிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புவதும் பதிந்திருக்கிறது.

"இந்தக் குளம் எங்கக்கா?"

"வாசுதேவல்லூர்ப் பக்கம்தான். நான் அங்கனதான் நாத்து நட்டவ" என்று சொல்லிவிட்டு அவள் ராட்டைக்குத் திரும்பிக்கொண்டாள். அதற்கு மேல் அவளிடம் எதுவும் பெயரவில்லை.

கோடை விடுமுறையில் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்த கையோடு, புளியங்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் சயின்ஸ் டீச்சரின் ஊருக்குப் போனேன். அவர்கள் வயலில் நடவுக்கு வரும் பெண்களில் நன்றாகப் பாடுகிறவள் ஒருத்தி இருப்பதாக அவள் சொல்லியிருந்தாள். ஆளனுப்பி வீட்டுக்கு வரவழைத்தாள். உயரமான, திடமான பெண். வாயில் வெற்றிலை. பின்வாசலில் நின்றாள். நாங்கள் உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தோம்.

"பாடுக்கா" என்றாள் சயின்ஸ் டீச்சர், பட்டனில் விரல் வைத்து.

"இங்கனயா? ஒங்க வீட்டு முத்தத்துல நின்னு பாடுத பாட்டா இது?" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் என் தோழியின் முகம் சிவந்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தப் பெண் அந்தப் பின்வாசலில் நிற்பதைப் பார்த்திருக்கிறாள். அது ஒரு காட்சியாக அவள் கண்ணில் பட்டதே அன்றைக்குத்தான் என்று பின்னால் என்னிடம் சொன்னாள். மறுபேச்சில்லாமல் மெஷினைத் தூக்கினாள். மூன்று பேரும் வெயிலில் நடந்து, களத்துமேட்டில் ஒரு வாகை மரத்தடியில் தரையில் உட்கார்ந்தோம். இந்த வயக்காட்டு அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பாட ஆரம்பித்தாள்.

அதே பாட்டு! அதே குளம், அதே மாமனார், கையில் அதே ஒரு பிடி நாற்று. ஆனால் மடை திறந்த பிறகு பாட்டு வேறு பக்கம் திரும்பியது.

*மடையடைச்ச கோரையெல்லாம் மாலையாச்சே எங் கழுத்தில்,*
*கரையிருக்கும் மாமனுக்குக் கண்ணு நெறைஞ்சு தண்ணியாச்சே.*

இதில் அவள் செத்துப்போகிறாள். மடைவாயில் கல்லாக நிற்கிறாள். முதல் நாற்றை அவளுக்கு வைத்துக் குலவை போட்டால்தான் வயலுக்குத் தண்ணீர் வரும்.

நான் பொறுக்கமாட்டாமல், "அக்கா, இத இன்னொருத்தங்க வேற மாதிரி பாடுதாங்க" என்று சொல்லி, சங்கரன்கோவில் கேசட்டைப் போடச் சொன்னேன்.

நாலு வரி ஓடியிருக்கும். வயக்காட்டு அக்கா சடாரென்று எழுந்து நின்றாள்.

"நிப்பாட்டு. நிப்பாட்டுங்கேன்! இது அவ தொண்டைல்லா?"

"யாருக்கா?"

"எங்கூட ஒரே நெரையில நாத்து நட்டவ டீச்சர். பதினஞ்சு வருசம் ஆவுது. கெட்டிக் குடுத்த வீட்டுல அடி. ஒருநா கருக்கல்ல கெளம்பிப் போயிட்டா. செத்தே போயிட்டான்னுல்லா சொன்னாவ!" அவள் மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டாள். "போடு, போடு. கேப்போம்."

கடைசி வரிகள் வந்தபோது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. டேப்ரிக்கார்டரைப் பார்த்துக் கைநீட்டித் திட்டினாள். "ஏட்டி, பொய் பாடாதட்டி! போயிட்டாளாமே! அப்பம் அங்கன நிக்கது யாரு? கல்லு இருக்குல்லா! வந்து பாருட்டி!"

சங்கரன்கோவிலுக்குத் திரும்பும் பஸ் எனக்கு ஊர்ந்து போவதுபோல் இருந்தது. இறங்கியதும் ஓட்டமும் நடையுமாக எதிர்வீட்டுக்குப் போனேன். அன்று கரண்ட் இருந்தது. தறிச் சத்தத்துக்கு மேல் அக்காவின் காதில் கத்தினேன். "ஒங்களத் திட்டுதாங்க! பொய் பாடுதியளாம்!" யார் என்று அவள் கேட்கவில்லை. ராட்டை நின்றது. "அவ இன்னும் பாடுதாளா?" என்றாள். பிறகு, "அடுத்த ஞாயித்துக்கெழம பஸ்ஸு எத்தன மணிக்கு?" என்றாள்.

அந்த ஞாயிறை நான் மறக்கமாட்டேன். முன்கூட்டியே சயின்ஸ் டீச்சருக்குக் கார்டு போட்டிருந்தேன்; பஸ் நின்ற இடத்தில் அவளும் வயக்காட்டு அக்காவும் காத்திருந்தார்கள். அக்காமார் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். எடுத்த எடுப்பில் சண்டைதான்.

"உசுரோட இருக்கேன்னு ஒரு சொல்லு சொல்லிவிட மாட்டியாட்டி?"

"சொல்லிவிட்டா கெட்டுனவன் கூட்டிட்டுப் போவ வந்திருவானே!"

"நான் சொல்லுவனாட்டி அவங்கிட்ட? அவனும் ஊர விட்டுப் போயி வருசமாச்சு."

அப்படியே ஏசிக்கொண்டே, ஒருத்தி கையை ஒருத்தி விடாமல், குளத்தங்கரை வரைக்கும் நடந்தார்கள். நாங்கள் இருவரும் மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினோம். சயின்ஸ் டீச்சர் பட்டனை அழுத்தியே பிடித்திருந்தாள். "ஏட்டி, இதும் பதியணும்" என்று என்னிடம் கிசுகிசுத்தாள்.

குளம் வற்றிக் கிடந்தது. மடைவாயில், சிதைந்த கட்டுமானத்தை ஒட்டி, இடுப்பளவு ஒரு கல். உருவம் எதுவும் இல்லை. அடியில் காய்ந்த ஒரு பிடி நாற்று மண்ணோடு ஒட்டியிருந்தது.

"இந்தா நிக்கா. இப்பம் சொல்லு" என்றாள் வயக்காட்டு அக்கா.

தறிவீட்டு அக்கா கல்லைத் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு நிமிர்ந்து சொன்னாள். "எனக்கும் ஒன்ன மாதிரித்தான் சொல்லிக் குடுத்தாவ. நாந்தான் மாத்திக்கிட்டேன். அவ ஏன் சாவணும்? நான் போவலையா? சாவாமத்தான போனேன்?"

வயக்காட்டு அக்கா கல்லடியில் போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண் கரித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டபோதுதான் கல்லின் மறுபக்கத்தைப் பார்த்தேன். சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி. புதுசு. விரலில் ஒட்டியது.

"இது என்னது?" என்றேன்.

சயின்ஸ் டீச்சருக்குத் தெரிந்திருந்தது. "மடையப் புதுசாக் கெட்டப் போறாங்க. அளவெடுத்துட்டுப் போயிருக்காங்க. எங்க அப்பாதான் மனு எழுதிக் குடுத்தாங்க." சொல்லச் சொல்ல அவள் குரல் இறங்கியது. "பெருக்கல் போட்டதெல்லாம் பேத்தெடுக்கது."

நாலு பேரும் அங்கிருந்து கிட்டத்தட்ட ஓடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா மதியச் சாப்பாடு முடித்துச் சாய்வு நாற்காலியில் இருந்தார். பாசனக்காரர்களில் மதிப்புள்ள மனிதர். புது மடைக்காகப் பல வருடம் அலைந்தவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"அது வெறுங்கல்லு மக்கா. பழைய மடையில கழண்டு விழுந்திருக்கும். சாமியா பூதமா? கொடைவிழாவா நடக்கு அதுக்கு?"

"எப்பா, இதக் கொஞ்சம் கேளுங்க" என்று என் தோழி மெஷினை மேஜைமேல் வைத்தாள்.

களத்துமேட்டில் பதிந்த பாட்டு. அவர் முதலில் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். மெட்டு பழக்கமானது அல்லவா. பிறகு தலையாட்டுவது நின்றது. மாமனார் மருமகளை இறங்கச் சொல்லும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் பின்வாசலில் நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார்.

"நாப்பது வருசமா வரப்புல நிக்கேன். இதத்தான் பாடிட்டிருந்தியளா?"

"ஆமா மொதலாளி. வருசா வருசம்" என்றாள் வயக்காட்டு அக்கா.

"ராகந்தான் கேட்டிருக்கேன். சொல்லு ஒண்ணும் காதுல விழல." அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ஓவர்சியர் நாளைக்கு வாரார். நீங்களும் வாங்க."

மறுநாள் திங்கள். விடுமுறை என்பதால் நான் அங்கேயே தங்கிவிட்டேன். தறிவீட்டு அக்காவும் கூலி போனாலும் பரவாயில்லை என்று வயக்காட்டு அக்கா வீட்டில் தங்கிக்கொண்டாள். காலை பத்து மணிக்கு ஓவர்சியர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இளைஞர். வேலையில் கறார். படத்தை விரித்துக் காட்டினார். "பக்கச்சுவர் இந்தக் கோட்டுல வருது. கல்லு நடுவுல நிக்கு. எஸ்டிமேட்டுல கல்லுன்னே ஒண்ணு இல்லையேம்மா. நான் என்ன செய்ய?"

நான் அட்டையை நீட்டினேன். கல்லூரி முத்திரை இருந்த அட்டை. கதைச் சுருக்கம் எழுதியிருந்தேன். அவர் படித்தார். சயின்ஸ் டீச்சர் கேசட்டைப் போடக் குனிந்தாள். அதற்குள் வயக்காட்டு அக்கா, "ஆளே நிக்கும்போது பெட்டி என்னத்துக்கு?" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குரலெடுத்தாள். இரண்டாவது அடியில் தறிவீட்டு அக்கா சேர்ந்துகொண்டாள். பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஒரே நிரையில் நின்று பாடுகிறார்கள்! வற்றிய குளத்தில் அந்தக் குரல் மோதித் திரும்பியது. கரையில் ஆடு மேய்த்தவர்கள், மாடு பிடித்துப் போனவர்கள், எல்லோரும் கூடிவிட்டார்கள். முடிவு வந்தபோது ஒருத்தி கல்லென்று பாட, இன்னொருத்தி நடந்தாள் என்று பாட, இரண்டு முடிவும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்தன. கூடியிருந்த பெண்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் குலவை போட்டார்கள்.

ஓவர்சியர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "ரெண்டுல எது சரி?" என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அதுதான் தெரியவில்லை. அவரோடு வந்த கொத்தனார்தான் பேசினார். வயதானவர், அதுவரை கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், சுவர ஒரு மொழம் வளைச்சுக் கெட்டிரலாம். கல்லு உள்வாங்கி நிக்கும். பலத்துக்கு ஒண்ணும் கொறையாது. கூட அரை நா வேல."

"படத்துல வளைவு இல்லையே?"

"கெட்டுன பொறவு இருக்கும் சார்."

ஓவர்சியர் சிரித்துவிட்டார். படத்தை மடிப்பதற்கு முன் பென்சிலால் அந்த இடத்தில் ஒரு சின்ன வளைவு போட்டார். நானும் சயின்ஸ் டீச்சரும் அங்கேயே கைகோத்துக் குதித்தோம். இரண்டு டீச்சர்கள் குதிக்கிறோமே என்ற கூச்சம் பிறகுதான் வந்தது. கொத்தனார் தன் தண்ணீர்ச் செம்பைச் சாய்த்துத் துணியை நனைத்துச் சிவப்புக் குறியைத் துடைத்தார். பெயிண்ட் போகவில்லை, சாமிக்குக் குங்குமம் வைத்ததுபோல் தீற்றலாகப் பரவி நின்றது.

ஆவண அறைக்கு அட்டை எழுத உட்கார்ந்தபோது எனக்குக் குழப்பம். கட்டத்தில் "மூலப் பாடம்" என்று கேட்டிருந்தார்கள். கல்லான பாட்டுதான் பழசு. நடந்துபோன பாட்டு ஒருத்தி தன் வாழ்க்கையால் மாற்றியது. அதை அனுப்பலாமா, கூடாதா? ஒரு முடிவுக்கும் வராமல், நடந்தது அத்தனையும் நாலு பக்கக் கடிதமாக எழுதி இரண்டு கேசட்டோடும் தபாலில் அனுப்பினேன். தறிவீட்டு அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான். அவளுடைய ஊரும் பெயரும் வேண்டாமென்றாள், குரல் மட்டும் போகட்டும் என்றாள்.

பத்து நாளில் பதில் வந்தது. ஆவண அறையைப் பார்த்துக்கொள்ளும் பேராசிரியர் கைப்பட எழுதியிருந்தார். இரண்டு பாட்டுக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டாராம். மூன்றாவதாக, குளத்தங்கரைக்குப் போகும் வழியில் அவர்கள் போட்ட சண்டை பதிந்த கேசட் இருக்குமே, அதையும் அனுப்பச் சொன்னார். அதற்கும் ஒரு எண் உண்டாம். நான் அந்தக் கடிதத்தை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். தலைமையாசிரியைக்கு இரண்டு முறை.

ஐப்பசியில் மழை நன்றாகப் பெய்தது. கார்த்திகையில் புது மடை வழியாக முதல் தண்ணீர் விட்ட நாளில் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டுப் போனோம். சயின்ஸ் டீச்சரின் அப்பா வரப்பிலிருந்து இறங்கிச் சேற்றில் நின்றார். சொல் காதில் விழவேண்டும் என்றுதான் இறங்கினேன் என்றார். முதல் நாற்றைக் கல்லுக்கு வைத்தது தறிவீட்டு அக்கா. வயக்காட்டு அக்காதான் அவள் கையில் கொடுத்தாள். அன்றைக்கு ஒருத்தியும் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

அதன்பிறகு தறிவீட்டு அக்கா ஒவ்வொரு நடவுக்கும் ஒரு வாரம் வாசுதேவநல்லூர் போய்வந்தாள். மீதி நாளெல்லாம் சங்கரன்கோவிலில் தார்தான் சுற்றினாள். நிரந்தரமாகத் திரும்பிவரச் சொல்லி வயக்காட்டு அக்கா கூப்பிட்டும் போகவில்லை. "எனக்கு அங்கன தறிச் சத்தம் இல்லாமத் தூக்கம் வராது டீச்சர்" என்றாள்.

எங்களுக்கு அதற்குள் அடுத்த சேதி வந்துவிட்டது. திருவேங்கடம் என்ற ஊர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் பருத்தி எடுக்கும் பெண்கள், மழை பொய்த்த வருடத்தை ஒரு கள்ளனாக வைத்து விசாரணை நடத்துகிற மாதிரி ஒரு பாட்டுப் பாடுகிறார்கள் என்று ஒரு மாணவியின் அம்மா சொன்னார். சாட்சி சொல்ல மேகமெல்லாம் வருமாம்! சயின்ஸ் டீச்சர் அன்று சாயங்காலமே ஆறு புதுப் பேட்டரியும் மூன்று வெற்றுக் கேசட்டும் வாங்கிவிட்டாள். ஞாயிறு மதியம் பஸ் ஸ்டாண்டில் எனக்கு முன்னால் வந்து, டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம்பிடித்து, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, "ஏட்டி, சீக்கிரம் ஏறு, வண்டி எடுக்கப் போறான்" என்று கத்தினாள். நான் படியில் காலை வைக்கவும் பஸ் நகர்ந்தது.